வீரபாகு அண்ணாச்சியின் நம்பர்

கவுன்சிலர் வீரபாகு மேடைக்கு மேடை, "என் போன் ராத்திரி பகலா மக்களுக்குத் திறந்தே கிடக்கு" என்று முழங்குவார். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாத அந்த மனுஷன் ஒருநாள் டேட்டிங் ஆப்பில் சேரப் போனார். நம்பரைச் சரிபார்க்கப் போன் வரும் என்றது ஆப். வரவே இல்லை.

டிரைவர் பூவலிங்கத்தின் மேல் பாய்ந்தார். "எலே, இப்பவே எனக்குக் கால் வரணும். இல்லன்னா கார்ச் சாவியை வச்சிட்டு வீட்டுக்குப் போயிரு!"

போனை வாங்கி நோண்டிய பூவலிங்கத்துக்குச் சிரிப்பு முட்டியது. தெரியாத நம்பர் அத்தனையையும் அண்ணாச்சியே பிளாக் செய்து வைத்திருந்தார்.

"வர வச்சிருதேன் அண்ணாச்சி" என்றவன், சத்தமில்லாமல் அந்த பிளாக்கை எடுத்துவிட்டான்.

உடனே மணி அடித்தது. அண்ணாச்சி மீசையை நீவிக்கொண்டு, குரலைக் குழைத்து, "ஹலோ... சொல்லுங்க" என்றார்.

"என்னத்தச் சொல்ல? குழாய்ல தண்ணி வந்து ஒரு மாசம் ஆச்சு!" என்று ஒரு பெண் கத்தினாள்.

பதறி வைத்தார். அடுத்த போன் சாக்கடைக்கு. அதற்கடுத்தது தெருவிளக்குக்கு. மணி நிற்கவே இல்லை.

"என்னலே இது?" என்று அலறினார்.

"வெரிஃபை ஆயிட்டு அண்ணாச்சி" என்றான் பூவலிங்கம். "இது உங்க நம்பர்தான்னு வார்டே சொல்லுதுல்லா!"