ஆண் கரை, பெண் கரை

ஒரு காட்டில் பெரிய குளம் ஒன்று இருந்தது. அங்கே தண்ணீர் குடிக்க வரும் பெண்மான்களை ஒரு சிறுத்தை புதரில் பதுங்கியிருந்து தாக்கியது. ஆண்மான்களுக்குக் கொம்பு இருந்ததால் அவற்றின் பக்கம் அது போவதில்லை.

மருதி என்ற பெண்மான் சிங்கராஜாவிடம் போய் முறையிட்டது. "ராஜா, மாதம் இரண்டு பேரை இழக்கிறோம். அந்தச் சிறுத்தையைக் காட்டைவிட்டு விரட்டுங்கள்!"

சிறுத்தை, ராஜாவுக்கு ஒன்றுவிட்ட மைத்துனன் முறை. ராஜா தாடையைச் சொறிந்தார். "விரட்டுவதெல்லாம் எதற்கு? ஒரு சட்டம் போட்டுவிடுவோம்!" என்றார்.

நரி சட்டத்தை எழுதியது. குளத்தின் கிழக்குக் கரையில் பெண்கள் மட்டும் குடிக்க வேண்டும். மேற்குக் கரையில் ஆண்கள் மட்டும் குடிக்க வேண்டும். கரை மாறினால் கடும் தண்டனை. காவலுக்கு ஒரு குரங்கு. காடே கைதட்டியது.

மறுநாள் சுருளி என்ற நத்தை குளத்துக்கு வந்தது. கொளுத்தும் கோடை. பாறைக்கடியில் அதன் சொந்தங்கள் ஈரமில்லாமல் ஓட்டுக்குள் சுருங்கிக் கிடந்தன.

"நில்! நீ ஆணா, பெண்ணா?" என்று கேட்டது குரங்கு.

"இரண்டும்தான் ஐயா. நத்தைகள் எல்லாருமே அப்படித்தான்."

"சட்டத்தில் அப்படி ஒன்று இல்லையே!"

"சட்டத்தில் இல்லாவிட்டால் என்ன? உங்கள் முன்னால் இருக்கிறேனே!"

"வாயாடாதே! போய்ச் சான்றிதழ் வாங்கி வா!"

சான்றிதழ்க் குழுவுக்கும் நரிதான் தலைவர். குழு கூடும் ஆலமரத்தடிக்கு ஊர்ந்துபோக சுருளிக்கு இரண்டு நாள் ஆயிற்று.

"ஓட்டைக் கழற்று. பரிசோதிக்க வேண்டும்" என்றது நரி. பக்கத்தில் இருந்த கொக்கும் கரடியும் சிரித்தன.

"கழற்றினால் செத்துப்போவேன் ஐயா!"

"ஒத்துழைக்க மறுக்கிறது என்று எழுதிக்கொள்" என்று நரி கொக்கிடம் சொன்னது. பிறகு சுருளியிடம் திரும்பியது. "சரி, எந்தக் கரையில் தண்ணீர் குடிக்கிறாய் என்று குரங்கிடம் எழுதி வாங்கி வா. அதை வைத்து முடிவு செய்கிறோம்."

"எந்தக் கரையிலும் விடவில்லை என்றுதானே உங்களிடம் வந்தேன்!"

"அது குரங்கின் வேலை. எங்களுக்குச் சம்பந்தமில்லை. அடுத்த ஆள்!"

சுருளி கூனிக் குறுகி மறுபடி குளத்தை நோக்கி ஊர்ந்தது. அது வந்து சேர்ந்த நேரம், கிழக்குக் கரையில் ஒரே அலறல். பெண்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடியது சிறுத்தைக்கு வசதியாகப் போய்விட்டது. அது மருதியின் தங்கையைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது.

எதிர்க்கரையில் இருந்த ஆண்மான்கள் கொம்பைத் தாழ்த்தியபடி ஓடிவந்தன. குரங்கு குறுக்கே பாய்ந்தது. "பெண்கள் கரைக்கு ஆண்கள் வரக்கூடாது!"

"அப்படியானால் சிறுத்தை மட்டும் வரலாமா?" என்று கேட்டன ஆண்மான்கள்.

"சட்டம் குடிப்பவர்களுக்குத்தான். அவர் தண்ணீர் குடிக்கவே இல்லையே! உங்கள் வாயில்தான் ஈரம் இருக்கிறது!"

அவ்வளவுதான். சிறுத்தை தன் இரையோடு புதருக்குள் மறைந்தது.

அழுதுகொண்டு நின்ற மருதியின் காலடியில் சுருளி வாடிக் கிடந்தது. "உனக்கு என்ன ஆயிற்று?" என்று மருதி கேட்டது. சுருளி எல்லாவற்றையும் சொன்னது. மருதி அதைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு ராஜாவிடம் போனது. வழியில் மான்கள் சேர்ந்தன. முயல்கள் சேர்ந்தன. யானைகளும் பின்னால் நடந்தன.

"வா மருதி! சட்டம் நன்றாக வேலை செய்கிறதாமே? இதுவரை ஒரு நத்தைகூடக் கரை மாறிக் குடிக்கவில்லை என்று நரி சொன்னது!" என்றார் ராஜா.

"உங்கள் சட்டம் நத்தையைத் தடுத்தது ராஜா. சிறுத்தையைத் தடுக்கவில்லை. என் தங்கை போய்விட்டாள். சுருளியின் சொந்தங்கள் தாகத்தில் சாகிறார்கள். யாரைத்தான் காப்பாற்றினீர்கள்?"

ராஜா யானைகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு புதுச் சட்டத்தைச் சொன்னார். "தாகம் எடுத்தவர் எந்தக் கரையிலும் குடிக்கலாம். தாக்குபவர் யாராக இருந்தாலும் காட்டைவிட்டுப் போக வேண்டும்."

நரியின் முகம் வாடியது. "இவ்வளவு சின்னச் சட்டத்துக்குக் குழுவே தேவைப்படாதே!" என்று முணுமுணுத்தது.

யானைகள் சிறுத்தையை மலைக்கு அப்பால் விரட்டின. மருதி ஈரப்பாசியை வாயில் கவ்விக்கொண்டு சுருளியோடு பாறையடிக்குப் போனது. பாசியை வைத்ததும் சில நத்தைகள் மெல்லத் தலை நீட்டின. ஏழு ஓடுகள் அசையவே இல்லை.

குற்றவாளியை விட்டுவிட்டு, எளியவர்களை "நீ யார்?" என்று கேட்டு நிறுத்திவைக்கும் சட்டம் யாருக்கும் பாதுகாப்பு ஆகாது.