ஆறு தலையில் ஒரு சுனை

காட்டில் குளங்கள் வற்றத் தொடங்கிய கோடையில் நரி ஒரு தொழில் ஆரம்பித்தது. ஒரு பழம் கொடுத்தால், எந்த நீர்நிலையில் இன்று தண்ணீர் இருக்கிறது, எந்த நேரத்தில் போனால் சிறுத்தை இருக்காது என்று சொல்லும்.

வேலையை நரி மூன்றாகப் பிரித்திருந்தது. நீர்நிலைகளை எல்லாம் நினைவில் வைத்திருப்பது மேட்டில் இருந்த ஆமை. யார் எங்கே போகலாம் என்று யோசித்துச் சொல்வது மருத மரத்து மந்தி. சேதியைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது கரிச்சான் குருவி. ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தால் போட்டிக் கடை போட்டுவிடுவார்கள் என்று நரிக்குப் பயம்.

கூட்டம் பெருகியது. ஆமைக்குத் துணையாக இன்னொரு ஆமை வந்தது. அவை சொன்னதை யோசிக்க ஒரு மந்தி போதவில்லை. இன்னொரு மந்தி வந்ததும் கரிச்சானுக்கு இறக்கை ஓய்ந்தது. ஒரு பக்கம் தைத்தால் இன்னொரு பக்கம் கிழிந்தது.

நரியின் வாசலுக்கு எதிரே மூங்கில் புதரில் ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தன. ஒன்று பார்த்ததை உடனே மற்ற ஆறிடமும் சொல்லும். நாள் முழுக்க ஓயாத கீச்சு.

"ஒரே விஷயத்தை ஏழு தலையில ஏத்தி என்ன பண்ணப் போறீங்க? வேற வேலை இல்லையா?" என்று நரி கேட்கும்.

"நீங்க உங்க கடையப் பாருங்கண்ணே" என்று அவை சொல்லும்.

ஒருநாள் காலை ஒரு கடமான் தன் கன்றோடு வந்தது. கன்றின் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"இவன் இன்னும் ஒரு நடைதான் தாங்குவான். தப்பான குளத்துக்குப் போயிட்டா திரும்ப மாட்டான். சரியாச் சொல்லுங்க" என்றது கடமான்.

"உக்காரு தாயி. இப்ப வந்துரும்" என்றது நரி.

கேள்வி போனது. பதில் வரவில்லை. வெயில் ஏறியது. கன்று படுத்துவிட்டது. நரி மேட்டுக்கு ஓடியது.

"நான் அப்பவே சொல்லி அனுப்பிட்டேன். மந்தியப் போய்க் கேளு" என்றது ஆமை.

நரி மருத மரத்துக்கு ஓடியது. அங்கே மந்திகள் இரண்டும் இல்லை. தேடிப் பார்த்தால், பழைய மந்தி நாவல் மரத்தில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட எதுவும் வரல. குருவியக் கேளு."

கரிச்சான் சொன்னது: "மருத மரத்துல ஆள் இல்ல. திரும்பி வந்துட்டேன். வேற எங்க போறதுன்னு எனக்கு யார் சொன்னா?"

மருத மரத்தில் இலை உதிர்ந்து நிழல் போய்விட்டது. அதனால் மந்திகள் முதல் நாள் மாலையே மரம் மாறிவிட்டன.

"மாறுனத சொல்றதுக்கு என்ன?" என்று நரி மந்தியிடம் சீறியது.

"யோசிக்கத்தானே என்னை வச்சிருக்க? சேதி சொல்ல வேற ஆள் இருக்குன்னு நீதானே சொன்ன?"

மூவரும் சொன்னது உண்மை. நரிக்கு யாரையும் திட்ட வழியில்லை.

திரும்பி வந்தபோது கடமானும் கன்றும் வாசலில் இல்லை. நரி குளம்படியைப் பார்த்துக்கொண்டே போனது. தடம் பாறை இடுக்கில் இருந்த ஒரு சின்னச் சுனையில் முடிந்தது. கன்று குடித்துக்கொண்டிருந்தது.

"யார் சொன்னது?" என்று நரி கேட்டது.

"உங்க எதிர் வீட்டுக்காரங்கதான்" என்றது கடமான்.

பக்கத்துக் கிளையில் ஒரு தவிட்டுக்குருவி உட்கார்ந்திருந்தது. "பெரிய குளம் கிட்டக்கதான். ஆனா சேறு, கன்னுக்குட்டி கால் மாட்டிக்கும். சிறுத்தை இந்தப் பக்கம் சாயந்திரம்தான் வரும். இந்தக் குட்டி நடைக்கு இதுதான் சரி."

"சுனையில தண்ணி இருக்குன்னு நீ பாத்தியா?"

"நான் பாக்கல. எங்க அக்கா விடியக்காலையில பாத்துச்சு."

"அக்கா எங்க?"

"காலையில வல்லூறு தூக்கிட்டுப் போயிருச்சு."

நரி வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. பிறகு, "அப்ப உனக்கு எப்படித் தெரியும்?" என்றது.

"பாத்ததுமே எங்க எல்லார்கிட்டயும் சொல்லிருச்சே. அதத்தான் நீங்க வெட்டிச் சத்தம்னு சொல்வீங்க."

"ஏழு தலையில ஒரே விஷயம்" என்று நரி முணுமுணுத்தது.

"இன்னைக்கு ஆறு தலைண்ணே" என்றது குருவி.

கன்று தலை தூக்கி மூக்கை நக்கியது. மறுபடி குனிந்து குடித்தது.

மறுநாள் நரி மூங்கில் புதருக்குப் போய் அந்தக் குருவிகளையே வேலைக்குக் கேட்டது. "கூட்டம் ஜாஸ்தியானா என்ன பண்ணுவீங்க?"

"இன்னொரு குருவியச் சேத்துக்குவோம். ரெண்டு நாள் எங்களோட கத்துனா எல்லாம் தெரிஞ்சிரும்."

"அவ்வளவு பேருக்கும் தீனி போடணுமே."

"போடணும்தான். ஒரே சேதிய எல்லாரும் சுமக்கிறதுக்குக் கூலி உண்டு."

நரி அதற்கும் சம்மதித்தது. ஆமைகள் ஆற்றுக்குத் திரும்பின. கரிச்சான் தன் கூட்டுக்குப் பறந்தது. மந்திகள் எந்த மரத்துக்குப் போயின என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

காட்டுக் கடையானாலும் பல கணினிகள் சேர்ந்து வேலை செய்யும் அறையானாலும், சேமிப்பதையும் யோசிப்பதையும் சேதி சொல்வதையும் தனித்தனிக் கைகளில் பிரித்து வைத்த தொழில் ஒரு கை பிசகினால் நின்றுவிடும். மூன்றையும் ஒவ்வொருவரிடமும் சேர்த்துவைத்து, ஒருவருக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் தெரியவைத்த தொழில் ஒருவரை இழந்தாலும் நடக்கும்.