நாற்பத்தோராவது படி

உலகத்துச் செய்தியெல்லாம் உள்ளங்கைக்குள் வந்து குவிந்துவிட்ட காலத்தில், குளக்கரைப் பள்ளி ஒன்றில் நடந்தது இது.

ஐந்தாம் வகுப்பின் இரு பிரிவுகளுக்கும் இருவேறு மின்பலகைகள், பிள்ளைக்கு ஒன்றாக, மூன்று மாதச் சோதனைக்கு வந்திருந்தன. 'ஏ' பிரிவுக்கு ஜெரால்டு செய்த பலகை. தொட்டால் எண்பதாயிரம் பாடங்கள். 'பி' பிரிவுக்குச் செவ்வந்தி செய்தது. நாளுக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு அது இருண்டுவிடும். பிள்ளைகள் பதிலைத் தேடிக் கொண்டுவந்தால்தான் மறுபடி விழிக்கும். இரண்டில் ஒன்றைத்தான் பள்ளி வாங்கும். மற்ற பள்ளிகளைப் போல இங்கும் வேண்டாமென்றால் செவ்வந்தி தன் பட்டறையை மூட வேண்டியதுதான்.

பெற்றோர் செவ்வந்தியின் பலகையை ஊமைப் பலகை என்று கேலி செய்தார்கள். ஜெரால்டு நல்லவன், தன் பாடங்களில் பாதியை அவளுக்குத் தருவதாகச் சொன்னான்.

"பாடம் கிடைக்காமலா காலியா இருக்கு, தம்பி? இருந்ததையெல்லாம் நான்தான் அழிச்சேன்," என்றாள் செவ்வந்தி.

பங்குனியில் இரு பலகைகளுக்கும் போட்டி. குளத்தில் கணுக்கால் அளவு நீர்தான். தலைமையாசிரியை பர்வீன் இரு பிரிவுக்கும் ஒரே கேள்வி வைத்தார்: நம் குளத்துக்கு எத்தனை படிகள்? அரை மணி நேரம் கழித்து மணி அடிக்கும். அதற்குள் பதில் வர வேண்டும்.

'ஏ' பிரிவு இரண்டே நிமிடத்தில் முப்பத்தாறு என்று எழுதியது. 'பி' பிரிவின் பலகைகள் இருண்டு கிடந்தன. பிள்ளைகள் எழுந்து வெளியே போனார்கள். மணி அடித்தது, ஒருவரும் திரும்பவில்லை. பத்து நிமிடம் கழித்துச் சேற்றுக்காலோடு வந்து நாற்பத்தொன்று என்றார்கள். சந்தேகம் வந்து மூன்று தரம் எண்ணினார்களாம்.

ஜெரால்டின் பலகையிலிருந்த பாடம் பழையது. போன கோடையில் தூர்வாரியபோது சேற்றுக்கடியிலிருந்து ஐந்து படிகள் வெளிப்பட்டிருந்தன.

'ஏ' பிரிவு எழிலி மெல்ல எழுந்தாள். "அஞ்சு படி புதுசா வந்தது எனக்குத் தெரியும், டீச்சர். தினம் அங்கதான் கால் கழுவுறேன்."

"பின்னே ஏன் முப்பத்தாறுன்னு எழுதினே?" என்றார் பர்வீன்.

"பலகையில அப்படித்தானே இருந்துச்சு."

ஜெரால்டு விதியைக் காட்டினான்: நேரத்துக்கு வந்தது தன் பிள்ளைகளின் பதில் மட்டுமே, பாடத்தை இன்றே திருத்திவிடலாம். செவ்வந்தி விதியை மறுக்கவில்லை, கெஞ்சவும் இல்லை.

"மணிச் சத்தத்துக்குப் பயந்து பாதிப் படியில திரும்பியிருந்தாங்கன்னா, இந்தப் பலகையை நானே உடைச்சிருப்பேன்," என்றாள்.

இதைப் படிப்பவர்களே, பர்வீன் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்தப் பலகையை வாங்குவீர்கள்?

விடை: பர்வீன் செவ்வந்தியின் பலகையை வாங்கினார். பிந்தி வந்ததைத் தவறு என்றே குறித்துக்கொண்டார். நாளைக்கு மணியைத் தள்ளி அடித்தால் அது தீரும். பழைய பாடமும் ஒரு நாளில் திருந்தும். ஆனால் தன் காலுக்கடியில் இருந்த படியை இல்லையென்று தானே எழுதிய பிள்ளையை எந்தத் திருத்தம் மீட்கும்? வாங்கியவற்றில் முதல் பலகை எழிலியின் கைக்குப் போனது, இருண்டபடியே.