மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போன ஸ்டார்ட்டர் வண்டி

எஞ்சின் சத்தமே இல்லாம கார் எப்படி ஓடும்னு கேக்குறியே, ஓடுச்சுடி. எங்கூர் ஆளுங்க ஓட்டினாங்க.

எங்க மிராசுதார் கார அப்பல்லாம் முன்னாடி நின்னு ஹேண்டில் போட்டுச் சுத்தணும். அது திருப்பி உதைக்கும். எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான் தோள்பட்ட எறங்குச்சு. கட்டுப்போட வந்த வைத்தியரு, சாப்பாடு நல்லாருக்குன்னு மூணு மாசம் தங்கிட்டாரு. அத விடு. மகன் வைத்திலிங்கத்துக்குக் கல்யாணம் கூடினதும், மிராசுதார் பட்டணத்து மெக்கானிக்க வரவச்சு ஸ்டார்ட்டர் மோட்டார் மாட்டினாரு.

டிரைவர் கலியமூர்த்திகிட்ட மெக்கானிக் சொன்னாரு: "இனிமே யாரும் வண்டிக்கு முன்னாடி நின்னு சுத்த வேணாம். இந்தக் கட்டைய மிதி. கெளம்பினதும் கால எடுத்துடு."

முகூர்த்தத்துக்குள்ள மாப்பிள்ளையப் பொண்ணு வீட்டுல சேக்கணும், தவறினா சம்பந்தமே முறிஞ்சிடும்னு மிராசுதார் சொல்லி அனுப்பினாரு.

கலியமூர்த்தி கியர்லயே வச்சு மிதிச்சான். எஞ்சின் ஓடாமலே ஸ்டார்ட்டர் மட்டும் வண்டிய நாலடி இழுத்துச்சு. கெளம்பிடுச்சேன்னு கால எடுத்தான். நின்னுடுச்சு. மறுபடி மிதிச்சான். இப்படியே தவளையாட்டம் தத்தித் தத்தி ஊர் எல்லைக்குப் போயிட்டாங்க. சத்தத்தக் காணோமேன்னு மாப்பிள்ளை கேட்டாரு. கல்யாண வண்டி அடக்கமாத்தான் போகும்னான், கூட வந்த ஹேண்டில் சுத்துற அய்யாக்கண்ணு.

எல்லையில பேட்டரி தீந்துபோச்சு.

"ஹேண்டில் போடுவமா மச்சான்?"னான் அய்யாக்கண்ணு.

"முன்னாடி நிக்க வேணாம்னாரே"ன்னான் கலியமூர்த்தி.

அய்யாக்கண்ணு யோசிச்சான். "வண்டியத் திருப்பி வச்சுட்டா, முன்பக்கம் பின்னாடி போயிடுமில்ல?"

மாப்பிள்ளையே எறங்கி, இது சரியான யோசனைன்னு வண்டியத் தள்ளித் திருப்பிட்டு ஏறிக்கிட்டாரு.

சுத்துன சுத்துல கியர்ல இருந்த வண்டி பாஞ்சுச்சு. அய்யாக்கண்ணு வாய்க்கால்ல குதிச்சான். கலியமூர்த்தி, மெக்கானிக் சொன்னபடி ரெண்டு காலையும் எடுத்து சீட்டுல சம்மணம் போட்டுக்கிட்டான். வந்த வழியே ஓடின வண்டி, மிராசுதார் வீட்டு வைக்கப்போர்ல போய் சொருகிக்கிச்சு.

மாப்பிள்ளையக் காணோமேன்னு பொண்ணு வீட்டுக்காரங்க பொண்ணு, மேளம் எல்லாத்தையும் மாட்டுவண்டியில ஏத்திக்கிட்டு இங்கயே வந்துட்டாங்க. நேரம் போகுதேன்னு வைக்கப்போர் ஓரத்துலயே தாலி கட்டியாச்சு. மிராசுதாருக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

மேளம் ஓஞ்சு திரும்பிப் பாத்தா, பொண்ணு மட்டும் தலையெல்லாம் வைக்கோலா நிக்கிது. காரக் காணோம்.

"மாப்பிள்ளை எங்கடா?"ன்னாரு மிராசுதார்.

ஈர வேட்டியோட நின்ன அய்யாக்கண்ணு சொன்னான்: "மறுபடி ஹேண்டில் சுத்தி, கலியமூர்த்தியோட பொண்ணு வீட்டுக்கு அனுப்பியாச்சுங்க. முகூர்த்தத்துக்குள்ள சேக்கச் சொன்னீங்களே. வைக்கப்போர்லேருந்து வண்டிய வெளிய எடுக்க மாப்பிள்ளையே எறங்கித் தள்ளினாருங்க."

ஏ தைலா, தூத்தல் போடுது பாரு, அந்த வடகத்த உள்ள எடுத்துட்டு வா!