கீரி எழுதிய நூறு கிலோமீட்டர்

இந்தக் கதை எனக்குக் கைமாறி வந்தது. வண்டி பழுது பார்க்கும் கடை ஒன்றில், காத்திருந்து சலித்துப்போன இரண்டு பிள்ளைகளுக்கு மெக்கானிக் சொன்னார். அவருக்கு யாரோ சொன்னார்களாம். நடுவில் ஒரு வண்டியை முறுக்கிவிட்டதால் சில வரிகள் என் காதில் விழவில்லை. அந்த இடங்களை மட்டும் நானே இட்டு நிரப்பியிருக்கிறேன்.

மலையடிவாரத்துக் காட்டில் ஒரு பெரிய குளம் இருந்தது. அதன் கரையில் செந்தட்டி என்ற கீரி ஒரு கடை வைத்திருந்தான். மின்சார மோட்டார் சைக்கிள் விற்கும் கடை. கடையில் இருந்தது ஒரே ஒரு வண்டி. அதை விற்றால்தான் அடுத்த பத்து வண்டிகள் வரும்.

கீரிகளின் பரம்பரையிலேயே படித்துத் தேறிய முதல் ஆள் செந்தட்டிதான். அவன் அப்பா ஊரார் எல்லோருக்கும் வளை தோண்டிக் கொடுத்துப் பிழைத்தவர். நகங்கள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. தினமும் சாயங்காலம் கடை வாசலுக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இன்னைக்கு யாராச்சும் எடுத்தாங்களாய்யா?"

"இல்லப்பா."

"சரிய்யா. நாளைக்கு எடுப்பாங்க."

அவர் திட்டியிருந்தால்கூடச் செந்தட்டி பொறுத்திருப்பான். அந்த 'சரிய்யா'தான் பொறுக்கவில்லை.

காட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் பெட்ரோல் வண்டி. அவர்களுக்குத் தலைவன் மூக்கையா என்ற காட்டுப்பன்றி. தன் கூட்டத்தோடு தடதடவென்று குளக்கரையை நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பான். போகிற போக்கில் கடைமுன் நிறுத்துவான்.

"என்ன தம்பி, உன் வண்டி ஓடுதா, நிக்குதா? சத்தமே இல்லையே!"

"ஓடும்ணே. சத்தம் வராது."

"கொசுகூட ஙொய்யுங்குது! இதுல ஏறிப் போனா நான் வர்றது யாருக்குத் தெரியும்?"

கூட்டம் கொல்லென்று சிரிக்கும். செந்தட்டி துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளவென்று இருக்கும் வண்டியை மறுபடி துடைப்பான்.

கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'ஒரு சார்ஜில் நூறு கிலோமீட்டர்' என்று கொட்டை எழுத்தில் அதில் எழுதியிருந்தது. அது பொய் இல்லை. வண்டி வந்த அன்றே செந்தட்டி அதில் ஏறிக் குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தான். சரியாக நூறாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது. உடனே நோட்டை எடுத்து ஒழுங்காக எழுதிவைத்தான்.

'ஓட்டியவர்: நான். சுமை: இல்லை. பாதை: மேடு இல்லாத குளக்கரை. தூரம்: நூறு.'

பலகையில் எல்லாவற்றையும் எழுத இடம் இருந்தது. ஆனாலும் கடைசி வரியை மட்டுமே எழுதினான்.

ஒருநாள் இருளாயி என்ற கரடி கடைக்கு வந்தாள். அவள் முதுகில் இரண்டு குட்டிகள் தொற்றிக்கொண்டிருந்தன. மூத்தது அவள் காதைப் பிடித்திருந்தது. இளையது ரோமத்தில் முகம் புதைத்துத் தூங்கியது. அந்த நேரம் பார்த்து மூக்கையாவின் கூட்டமும் வந்து நின்றது.

"தம்பி, இது புகை விடாதாமே, மெய்தானா?"

"துளிக்கூட விடாதுக்கா!"

"அப்ப எனக்கு ஆகும். கரையான் புத்து எங்கே இருக்குன்னு மோந்துதான்யா நான் கண்டுபிடிக்கணும். பெட்ரோல் வண்டியில உக்காந்தா ரெண்டு நாளைக்கு மூக்கே வேலை செய்ய மாட்டேங்குது." அவள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு மலையை நிமிர்ந்து பார்த்தாள். "முதல் மழைக்கு உச்சியில ஈசல் புறப்படும். வருசத்துக்கு ஒரு நாள். இதுக ரெண்டும் பிறந்ததுல இருந்து ஈசலையே பார்த்ததில்ல. உச்சிக்கு நாப்பது கிலோமீட்டர். போக நாப்பது, வர நாப்பது. நூறு வரும்னு எழுதியிருக்கியே, நான் ஏறினாலும் வருமா? பிள்ளைக ரெண்டும் முதுகுல இருக்கும்."

செந்தட்டியின் கை நோட்டின்மேல் இருந்தது. எதிரே மூக்கையா காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். சாயங்காலம் அப்பா வருவார். 'தெரியலக்கா, கட்டாயம் குறையும்' என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"வரும்க்கா," என்றது வாய்.

அவ்வளவுதான். ஒரு சொல். இருளாயி வண்டியை எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அப்பா கேள்வி கேட்பதற்கு முன்பே காலியான இடத்தைப் பார்த்துவிட்டார். தேய்ந்த நகங்களால் மகனின் தலையைத் தடவினார். செந்தட்டிக்குத் தலை கூசியது.

பத்து நாள் கழித்து விடியற்காலையில் முதல் மழை கொட்டியது. மதியத்துக்குள் ஓய்ந்து, வெயில் மஞ்சளாக அடித்தது. ஈசல் வெயில்! இருளாயி குட்டிகளோடு சத்தமில்லாமல் குளக்கரையைக் கடந்தாள். "வாரோம் தம்பி!" என்று கையாட்டினாள். இளைய குட்டியும் கையாட்டியது.

செந்தட்டியால் உட்கார முடியவில்லை. நோட்டைத் திறந்தான். 'ஓட்டியவர்: நான்.' தன் எடையை நினைத்தான். இருளாயியின் எடையை நினைத்தான். தன்னைப்போல் ஐம்பது கீரிகளை அடுக்கினாலும் அவளுக்கு ஈடாகாது. அதோடு இரண்டு குட்டிகள். அதோடு மலை.

நோட்டை மூடிவிட்டு ஓடினான். கொஞ்ச தூரம் ஓடியதுமே நாக்குத் தள்ளியது. கீரியின் கால் எத்தனை வேகமாக ஓடினாலும் வண்டியைப் பிடிக்குமா? அப்போது பின்னால் தடதட சத்தம் கேட்டது. மூக்கையா!

"என்ன தம்பி, கடைக்காரர் நடந்து போறாரு?"

"அண்ணே, என்னைக் கொஞ்சம் மேல கொண்டுபோய் விடுங்க. இருளாயி அக்கா வண்டி நின்னுபோயிருக்கும்."

"நூறு வரும்னியே!"

மூக்கையா அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏறு. பிடிச்சுக்க. வழியில என் வண்டிச் சத்தத்தைக் குறை சொன்னா இறக்கிவிட்ருவேன்."

இப்படியாக, மின்சார வண்டி விற்கிற கீரி, பெட்ரோல் வண்டியின் பின்னால் காட்டுப்பன்றியின் வாலைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினான். வழியெல்லாம் மான்கள் பார்த்தன, மந்திகள் பார்த்தன. எல்லோருக்கும் கேட்கிற சத்தத்தில் அல்லவா அந்த வண்டி போகிறது!

பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் இருளாயி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வண்டியில் காட்டிய தூரம் முப்பத்தொன்று. குட்டிகள் இரண்டும் பின்னால் நின்று, தங்களால் முடிந்த மட்டும் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன.

"தம்பி, வந்துட்டியா! நல்லவேளை. எதையாவது தப்பா அமுக்கிட்டேன்போல. என்னன்னு பாரு," என்றாள் இருளாயி.

அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டாள். செந்தட்டிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. குனிந்து சக்கரத்தைப் பார்ப்பதுபோல் நின்றான்.

மூக்கையா மேலே பார்த்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். யக்கா, ஏறி உக்காரு. ஹாண்டிலை நேராப் பிடி."

பெட்ரோல் வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழியில் யார் வண்டி நின்றாலும், பின்னால் வருகிறவர் ஒரு காலை நீட்டி, நின்ற வண்டியின் கால்மிதியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போவார். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி. மூக்கையாவும் காலை நீட்டினான். ஒரு வண்டி உறுமியது. ஒரு வண்டி ஊமையாகப் போனது. ஒன்பது கிலோமீட்டரும் ஒற்றைக்காலில் தள்ளினான். கால் நடுங்கியது. எஞ்சின் காந்தியது. ஒரு கேலிகூடப் பேசவில்லை.

அவன் கேலி பேசியிருந்தால்கூடத் தேவலை என்று செந்தட்டிக்குத் தோன்றியது.

உச்சியை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மற்றக் கரடிகள் வயிறு புடைக்க இறங்கிக்கொண்டிருந்தன. ஈரத் தரை முழுவதும் ஈசல் உதிர்த்த இறகுகள் மட்டும் வெள்ளையாகக் கிடந்தன. இளைய குட்டி முதுகிலிருந்து குதித்து ஓடி, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டது. பிறகு துப்பியது.

"ஈசல்னா இதுதானாம்மா? நல்லாவே இல்ல."

"இது இறக்கைடா. அடுத்த வருசம் பார்ப்போம்," என்றாள் இருளாயி. அதன் உதட்டில் ஒட்டியிருந்த இறகைத் துடைத்துவிட்டாள்.

செந்தட்டி அவள்முன் போய் நின்றான்.

"அக்கா, நீங்க எதையும் தப்பா அமுக்கல. நூறு கிலோமீட்டர், நான் தனியா, குளக்கரையில ஓட்டினது. நீங்க கேட்டப்பவே குறையும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வரும்னு சொன்னேன்."

இருளாயி கத்தவில்லை.

"முப்பதுதான் வரும்னு சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பேனே தம்பி. புகையில்லாத வண்டிதானே எனக்கு வேணும்? முப்பதுன்னு தெரிஞ்சிருந்தா, மழை விட்டதும் காட்டுக் குறுக்குவழியா நடந்தே ஏறியிருப்பேன். பிள்ளைக வாயில நாலு ஈசலாவது விழுந்திருக்கும்."

திரும்பும்போது இறக்கம். வண்டி தானாக உருண்டது. உருள உருளக் கொஞ்சம் சார்ஜும் ஏறியது. இருளாயி முன்னால் இறங்கினாள். செந்தட்டி மூக்கையாவின் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பலகையை இறக்கினான். அப்பா வந்து பக்கத்தில் நின்றார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் குறைக்கவில்லை. அப்பா கேட்டு முடித்தார். 'சரிய்யா' என்று சொல்லவில்லை.

"நான் தோண்டின வளை ஒருநாளும் இடிஞ்சதில்ல," என்றார். "எலிக்கு எலி உடம்பை அளந்து தோண்டுவேன். உடும்புக்கு உடும்பு உடம்பை அளந்து தோண்டுவேன். பள்ளிக்கூடத்துல அதைச் சொல்லித் தரலையாக்கும்?"

செந்தட்டி அழுதுவிட்டான்.

அன்று மதியம் இருளாயி வண்டியோடு வந்தாள். திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவன் எழுந்து நின்றான்.

"நான் சமாதானம் பேச வரல. போன ஈசலை உன்னால திருப்பித் தர முடியாது. கிலோமீட்டர் கணக்கையாவது சரியா எழுது. என்னை வச்சு அள," என்றாள்.

அளந்தார்கள். குட்டிகளோடு குளக்கரையில் ஓட்டினாள். இன்னொரு நாள் மலையில் ஓட்டினாள். செந்தட்டி பலகையில் புதிதாக எழுதினான். 'கீரி, சமவெளி: நூறு. கரடியும் இரண்டு குட்டிகளும், சமவெளி: அறுபத்திரண்டு. அதே கரடியும் குட்டிகளும், மலையேற்றம்: முப்பத்தொன்று. உச்சிக்குப் போகாது.' கடைசி வரியையும் மற்றவற்றைப் போலவே கொட்டை எழுத்தில் எழுதினான்.

மூக்கையாவின் கூட்டம் வந்தது. வண்டிகளை அணைத்துவிட்டு, வாய்க்குள்ளேயே எழுத்துக்கூட்டிப் படித்தது. யாரும் சிரிக்கவில்லை.

"உச்சிக்குப் போகாதுன்னு நீயே எழுதினா எவன் தம்பி வாங்குவான்?"

"வாங்காட்டிப் போறாங்கண்ணே."

மூக்கையா தாடையைச் சொறிந்தான். "எனக்கு உச்சியில வேலை இல்ல. குளத்துக்கும் கிழங்குக் காட்டுக்கும்தான் போக வர. அதுசரி, காட்டுப்பன்றிக்கு எவ்வளவுன்னு போடலையே?"

"தெரியாதுண்ணே."

மூக்கையா உரக்கச் சிரித்தான். "இந்தக் கடையில நான் கேட்டதுலயே இதுதான்டா நல்ல பேச்சு! யக்கா, உன் வண்டியைக் கொஞ்சம் குடு."

இருளாயி இறங்கி வண்டியைக் கொடுத்தாள். மூக்கையா தன் கிழங்கு மூட்டையோடு ஏறி உட்கார்ந்தான். செந்தட்டி நோட்டைத் திறந்து, 'ஓட்டியவர்: மூக்கையா. சுமை: கிழங்கு ஒரு மூட்டை' என்று எழுதிக்கொண்டான். உறுமல் இல்லாமல் காட்டுப்பன்றி குளக்கரையில் போவதைக் காடே வேடிக்கை பார்த்தது. அவன் வாங்கினானா என்று மெக்கானிக் சொல்லவில்லை. ஒவ்வொரு முதல் மழைக்கும் செந்தட்டியின் காது மட்டும் சூடாகிவிடும் என்று சொன்னார்.

கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் என்பதை மட்டும் நான் அன்றைக்கு நம்பவில்லை. கதைக்காகச் சேர்த்தது என்று நினைத்தேன். பிறகு புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். நம் காட்டுக் கரடி, குட்டிகளைப் பல மாதங்கள் வரை முதுகில்தான் சுமக்கிறது. இரண்டு இருந்தால் இரண்டையும்.

யாரை வைத்து அளந்தோம் என்பதை மறைத்துச் சொன்னால் சரியான எண்ணும் பொய்தான். அதன் பாரத்தை நம்மை நம்பியவரே சுமக்க வேண்டியிருக்கும்.