மரவட்டைக்கு நூறு, பாம்புக்குப் பூஜ்யம்

தாமரைக் குளத்தின் கரையில் விலங்குகளுக்கு ஒரு சட்டப் பள்ளி இருந்தது. அன்று உச்சிப்பொழுதில் தேர்வு. காலையிலேயே பள்ளிக் கணக்கர் நாரை அம்பலவாணர் கழுத்தை நீட்டிக்கொண்டு, யார் யார் தேர்வு எழுதலாம் என்று கூவத் தொடங்கினார்.

“மான் எழுதலாம்! முயல் எழுதலாம்! மரவட்டை குப்பு எழுதலாம்! சாரைப்பாம்பு நீலி எழுதக் கூடாது! மரங்கொத்தி வடிவு எழுதவே கூடாது!”

இலுப்பை மரத்தில் வேலையாக இருந்த வடிவு, கொத்திய கொத்தை அப்படியே விட்டுவிட்டு விருட்டென்று இறங்கினாள்.

“அதென்ன எழுதவே கூடாது? நான் என்ன குற்றம் செய்தேன்?”

“காலடி போதாது. எழுபத்தைந்து வேண்டும். உன் பாத்தியில் இருப்பது இருபது.”

“நூறு வகுப்பையும் கேட்டிருக்கிறேன் ஐயா!”

“கேட்டது உன் காது. பதிவேட்டில் காதுக்கு இடமில்லை!”

பதிவேடு என்று அவர் சொன்னது கரையோரக் களிமண்ணை. அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பாத்தி உண்டு. வகுப்புக்கு வருபவர் தம் பாத்தியில் காலடி பதித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். நாரை எப்போதும் ஒற்றைக் காலில் நிற்பவர். ஆகவே ஆளுக்கு ஒரு காலடி, வகுப்புக்கு ஒரு காலடி என்று அவர் பாட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டார். மற்றவர்களுக்கு எத்தனை கால் என்று யோசிக்கவே இல்லை!

விளைவு? மான் பத்தொன்பது நாள்தான் வந்தது. நாளுக்கு நான்கு கால் வீதம் எழுபத்தாறு ஆகிவிட்டது. மரவட்டை குப்பு முதல் நாள் தன் பாத்தியில் ஒரே ஒரு முறை ஊர்ந்தான். நூறு! அன்று வீட்டுக்குப் போனவன் இன்றைக்குத்தான் மறுபடி வருகிறான். சாரைப்பாம்பு நீலியோ நூறு நாளும் முதல் வரிசையில் சுருண்டு உட்கார்ந்து பாடம் கேட்டவள். அவளுக்கு ஏது கால்? பூஜ்யம்!

வடிவு பகுதி நேர மாணவி. கிளிகளுக்கும் மைனாக்களுக்கும் பொந்து குடைந்து கொடுப்பது அவள் தொழில். “வாதப் பயிற்சிக்கு மட்டும் தரைக்கு வந்தால் போதும். மற்றப் பாடங்களை வேலை பார்த்தபடி மரத்திலிருந்தே கேட்டுக்கொள்” என்று சொல்லித்தான் அவளைச் சேர்த்தார்கள். பயிற்சி பத்து நாள். பத்து நாளும் இறங்கி வந்தாள். மீதி நாட்களில் கரடி வாத்தியாரின் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்து, அவர் மூச்சு வாங்கும்போது மட்டும் கொத்தி, ஒரு சொல் விடாமல் கேட்டாள். எழுபத்தைந்து என்ற விதியை நாரை கொண்டுவந்ததே போன மாதம்தான்.

அவளுக்கு இந்தத் தேர்வு விளையாட்டல்ல. அவள் குடைந்து தரும் பொந்துகளை உடும்புகள் பறித்துக்கொள்கின்றன. வீடிழந்த கிளிகளுக்காகக் காட்டு மன்றத்தில் பேச ஆளில்லை. தேர்வில் தேறியவர்தான் அங்கே வாய் திறக்கலாம். இன்று விட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை எத்தனை குஞ்சுகள் வெயிலில் கிடக்கும்!

“அக்கா, என்னைப் பாருங்கள்! நூற்றுக்கு நூறு!” என்று குப்பு நெளிந்தான்.

“நீ வந்தது ஒரு நாளடா!”

“எத்தனை நாள் வந்தாய் என்று யார் கேட்டார்கள்? காலைத்தானே கேட்டார்கள்!”

எல்லாரும் சிரித்தார்கள். மான் விழுந்து விழுந்து சிரித்தது. வடிவுக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்தது. அவளுக்கோ மூக்கு நீளம்!

“இருங்கள். தலைவியிடமே முறையிடுகிறேன்!”

பள்ளித் தலைவி யானை பெருந்தேவி குளத்தில் குளித்துக்கொண்டிருந்தாள். வடிவு அவள் தலைக்கு மேலே வட்டமடித்து நடந்ததைச் சொன்னாள். பெருந்தேவி தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி, பாத்திகளுக்கு இப்பால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“இங்கிருந்தே எல்லாம் தெரிகிறதே” என்றாள்.

நாரை பதறினார். “ஆகாது அம்மா! தூரத்தில் நின்று பார்ப்பதெல்லாம் பார்ப்பதாகுமா? நேரில் வர வேண்டும். பதிவேட்டின் நடுவில் வந்து நின்று பார்க்க வேண்டும். அதுதான் முறை!”

“வேண்டாமே ஐயா” என்றாள் வடிவு. “தலைவியின் காலைப் பாருங்கள்.”

“நீ எனக்குச் சொல்லித் தராதே! வாருங்கள் அம்மா, வாருங்கள்!”

பெருந்தேவி வந்தாள். சதக்! சதக்! ஈரக் கால்கள் களிமண்ணில் புதைந்தன. நடுவில் வந்து நின்று, நன்றாகப் பார்ப்பதற்காக ஒரு முழுச் சுற்றும் திரும்பினாள். மான் பாத்தி போயிற்று. முயல் பாத்தி போயிற்று. குப்புவின் நூறும் கூழாகிவிட்டது.

நாரையின் அலகு திறந்தது திறந்தபடி நின்றது.

“அம்பலவாணரே, இப்போது பதிவேட்டின்படி யார் தேர்வு எழுதலாம்?” என்று கேட்டாள் பெருந்தேவி.

நாரை குனிந்து குனிந்து பார்த்தார். “விதி என்றால் விதிதான்... நன்றாகப் பதிந்திருப்பது தங்கள் காலடி மட்டும்தான் அம்மா.”

“அப்படியானால் நான் எழுத வேண்டுமா?”

“அதுவும்... எண்ணினால் எழுபத்தைந்து தேறாது.”

கரையில் ஒரே கூச்சல். “எங்கள் கதி என்ன?” என்று முயல் அழுதது. மான் மெல்ல வடிவிடம் நகர்ந்து வந்தது.

“வடிவக்கா, உங்களுக்குத்தான் பேச வரும். எங்களுக்காகக் கொஞ்சம் பேசுங்களேன்!”

“சற்று முன்னால் சிரித்த சிரிப்பு என்ன ஆயிற்று?”

“அது... தெரியாமல் சிரித்துவிட்டோம்.”

‘நன்றாக வேண்டும் இவர்களுக்கு’ என்றுதான் வடிவு முதலில் நினைத்தாள். ஆனால் வழக்கு என்று ஒன்று கண்ணெதிரே வந்து நிற்கும்போது அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள்.

“தலைவி அவர்களே! மண்ணில் பதிந்தது அழிந்துவிட்டது. மனத்தில் பதிந்தது அழியுமா? ஒவ்வொருவரையும் ஒரு கேள்வி கேளுங்கள். பாடம் கேட்டவர் பதில் சொல்வார். கேட்காதவர் விழிப்பார். வேறு பதிவேடு எதற்கு?”

“சரி, நீயே கேள்.”

“நீலி! இரண்டு பேர் ஒரு கூட்டுக்கு உரிமை கேட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?”

“யார் கட்டியது, யார் குடியிருக்கிறார், யாருக்குத் தெரிந்து குடியிருக்கிறார்!” நீலி மூச்சு விடாமல் சொன்னாள்.

மான் மூன்றாவது கேள்வியில்தான் தப்பித்தது. முயல் திக்கித் திக்கி ஒப்பேற்றியது.

“குப்பு! சாட்சி சொல்ல வந்தவரை எதிராளி எப்போது கேள்வி கேட்கலாம்?”

“அன்றைக்கு நான் வரவில்லை அக்கா. காலில் சுளுக்கு.”

“எந்தக் காலில்?”

“நாற்பத்து மூன்றாவது காலில்.”

பெருந்தேவியின் தும்பிக்கையே சிரிப்பில் குலுங்கியது.

“நாரையாரே, நீங்களும் நூறு நாளும் இங்கேதான் நின்றீர்கள். கடைசி வகுப்பில் வாத்தியார் என்ன சொன்னார்?” என்று கேட்டாள் வடிவு.

நாரை ஒரு காலை இறக்கி மறு காலைத் தூக்கினார். “நான்... கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

“எல்லாரையும் கேட்டாயிற்று. உன்னை யார் கேட்பது?” என்றாள் பெருந்தேவி. “நானே கேட்கிறேன். நாரையின் தீர்ப்பில் சட்டப்படி என்ன பிழை?”

வடிவு யோசிக்கவே இல்லை. “இரண்டு பிழை. சேர்க்கும்போது ஒரு பேச்சு, தேர்வு வரும்போது வேறு பேச்சு என்று வழியில் விதியை மாற்றியது ஒன்று. என் பக்கத்தைக் கேட்காமலே என்னைத் தண்டித்தது இன்னொன்று. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாதப் பயிற்சிக்கு எல்லாரும் நேரில் வரத்தான் வேண்டும். எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் வாதாடப் பழக முடியாது.”

பெருந்தேவி அங்கேயே தீர்ப்புச் சொன்னாள். “பயிற்சிக்கு எல்லாரும் தரைக்கு வர வேண்டும். பாடத்தைக் கிளையிலோ புதரிலோ இருந்தபடி கேட்கலாம். வகுப்பு முடிந்ததும் வாத்தியார் ஒரு கேள்வி கேட்பார். பதில் சொன்னால் வந்ததாகக் கணக்கு. கால் எத்தனை இருந்தாலும் ஒரு வகுப்பு ஒரு வகுப்புதான்! பதில் சொன்ன மான், முயலோடு நீலியும் வடிவும் தேர்வு எழுதட்டும். குப்பு அடுத்த வருடம் வரட்டும்.”

“நான்?” என்றார் நாரை ஈனக் குரலில்.

“நீங்களும் அடுத்த வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடம் கேளுங்கள். இரண்டு காலையும் ஊன்றி!”

உச்சிப்பொழுதில் வடிவு தேர்வு எழுதினாள், தேறினாள். மறு வாரமே காட்டு மன்றத்தில் அவள் பேசிய பேச்சில், உடும்பு வாலைச் சுருட்டிக்கொண்டு பொந்தைக் காலி செய்தது. கிளிக் குஞ்சுகள் அன்று மாலையே உள்ளே போய்க் கீச்கீச்சென்று சண்டை போடத் தொடங்கிவிட்டன.

வகுப்புக்கு வந்தவரை எண்ணுவது யாருக்கும் எளிது. யார் கற்றார் என்று கேட்டு அறிவதே பள்ளியின் கடமை.