பின்வாசல் சட்டம்

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டை நெடுமுடியரசன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் அவருக்குத் தோன்றுவது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிடும். அப்படிப் பிறந்ததுதான் பின்வாசல் சட்டம். யாராவது தாக்க வந்தால், ஓட வழி இருக்கும்வரை ஓட வேண்டும். நின்று அடித்தால் அடித்த கை போகும். இதனால் அடிதடி ஒழியும் என்று ராஜாவுக்குப் பெருமையோ பெருமை.

அதில் முதலில் சிக்கியவள் சுண்ணாம்பு விற்கும் செம்பாயி. அரிவாளோடு வீட்டுக்குள் நுழைந்தவனை உலக்கையால் அடித்துக் காலை முறித்துவிட்டாள். அவனோ சேனாபதி கடம்பராயனின் மச்சான்.

"பின்வாசல் திறந்துதானே இருந்தது?" என்று உறுமினார் சேனாபதி.

"திறந்துதான் இருந்துச்சு சாமி. பிள்ளை தொட்டில்ல தூங்கிச்சே!"

"சட்டத்தில் தொட்டில் இல்லையே!"

சபை சிரித்தது. மடியில் மகள் முத்தழகியை வைத்துக்கொண்டு ராஜாவும் சிரித்தார்.

மந்திரி நயினாதி எழுந்தார். "தண்டனையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், மகாராஜா."

"மந்திரியாருக்கு எதுவும் நாளைக்குத்தான்!" என்று நக்கலடித்தார் சேனாபதி.

மறுநாளும் ராஜா மகளை மடியில் வைத்துக்கொண்டே அமர்ந்திருந்தார். செம்பாயியைச் சபையில் நிறுத்தியதும் வெளியே பறை முழங்கியது. முறுக்குக் கொம்போடு ஒரு சண்டைக்கிடா சிம்மாசனத்தைப் பார்த்துப் பாய்ந்து வந்தது. சேனாபதி தூணில் தொற்றிக்கொண்டார். ராஜா பின்வாசல் வழியே நந்தவனத்துக்கு ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று விழுந்தது. மல்லிகைப் பந்தலை எட்டிய பிறகுதான் மடியில் யாரும் இல்லை என்பது உறைத்தது.

முத்தழகி!

பதறித் திரும்பினார். பறை ஓய்ந்திருந்தது, கிடாவும் பாதி வழியில் நின்றிருந்தது. செம்பாயி குழந்தையை முதுகுக்குப் பின்னால் மறைத்து, வெறுங்கையை நீட்டியபடி நின்றாள்.

"பறை அடித்தால் பாயும், நிறுத்தினால் நிற்கும். அப்படிப் பழக்கிய கிடா, மகாராஜா. ஏற்பாடு என்னுடையது" என்றார் மந்திரி. "தாங்கள் சட்டப்படி நடந்தீர்கள். இவள்தான் இன்றைக்கும் ஓடவில்லை. அந்தக் கையை வெட்டிவிடலாமா?"

ராஜாவுக்குத் தலை நிமிரவில்லை.

"மகாராஜா, ஆட்டுக்குச் சட்டம் பொருந்தாது..." என்றது தூண் மேலிருந்து ஒரு குரல்.

"முதலில் நீர் இறங்கும்!" என்றார் ராஜா. "உம் மச்சானுக்குக் கால் ஆறியதும் சிறை."

ராஜா தன் கையிலிருந்த தங்கக் கடகத்தைக் கழற்றிச் செம்பாயியின் கையில் போட்டார். "இனி நம் நாட்டில், விட்டுவிட்டு ஓட முடியாத உயிர் பக்கத்தில் இருந்தால், நின்று அடிப்பது குற்றமில்லை. இந்த யோசனையைத் தந்த மந்திரிக்கு என் பட்டத்துக் குதிரை."

பிறகு மகளைப் பார்த்துக் கைகளை விரித்தார். அவள் செம்பாயியின் சேலையை விடவில்லை.

"முதல்ல அந்தப் பின்வாசல் கதவைச் சாத்துங்கப்பா."

காவலன் ஒருவன் முன்னால் வந்தான். ராஜா அவனைத் தடுத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு நடந்துபோய்த் தானே கதவைச் சாத்தினார்.